இறாலின் நோயும் காப்பும்

நெய்வேலிச் சுரங்கங்களுக்கு அண்மையில், ராமலிங்க அடிகளார் 1867-ஆம் ஆண்டில் மூட்டிய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்ற வடலூரில் இருந்துகொண்டு, கடலோரத்து உப்புநீர்க் குளங்களில் வளரும் இறாலைப் பற்றி ஒருவன் எழுத முற்படுவது பொருத்தமற்ற செயலாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும் இப்பகுதியின் மழைநீரையும் சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீரையும் ஏந்திச் செல்லும் பரவனாறு, பெருமாள் ஏரியை நிறைத்துவிட்டுக் கடலூர் முதுநகரை அடுத்த கழிமுகத்தைத்தான் சென்றடைகின்றது. அக்கழிமுகத்துக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையிலும் கிள்ளையிலும் வெள்ளாற்றின் உப்பங்கழியை நம்பி இறால் பண்ணைகள் இருக்கின்றன. அப்பண்ணைகளில் வேலை செய்வோரும், முதலிட்டோரும், முதலை இழந்தோரும் நம் மாவட்டத்து மக்களே ஆவர். ஆதலால் இவ்விஷயம் நமக்குப் புறம்பானதன்று.

கடந்த முப்பது ஆண்டுகளாக உலகின் பல பரிசோதனைச் சாலைகளிலும், சிறப்பாக நம் தமிழ்நாட்டின் இரண்டு மூன்று ஆராய்ச்சி நிலையங்களிலும், மூலக்கூறு உயிரியல் அறிஞர்கள் விடாது கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. மனிதனுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் உள்ளதுபோல எதிர்ப்பொருளை ஆக்கும் ஆற்றல் இல்லாத ஒரு பிராணியை வைரஸ் நோயினின்று காப்பது எங்ஙனம் என்பதே அது. அக்கேள்விக்கு இதுவரை கிடைத்துள்ள விடைகள் யாவை, அவற்றுள் பரிசோதனைச் சாலையை விட்டுக் குளக்கரைக்கு வந்து சேர்ந்தவை எவை, வராமல் நின்றவை எவை என்பதை ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

நோய் வந்த வரலாறு

இறாலுக்கு வைரஸ் நோய் உண்டு என்பதே விஞ்ஞானம் வெகு காலம் அறியாதிருந்த செய்தி. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த கௌச் என்பவர் இறாலில் முதல் வைரஸைக் கண்டு எழுதினார். அதன்பின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லைட்னர் முதலியோர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வைரஸ்களை இனம் கண்டனர். கடலிலும் கழியிலும் இயற்கையாக வாழ்ந்த காலத்தில் இவ்வியாதிகள் இருந்தனவாயினும் அவற்றின் கொடுமை எவர் கண்ணிலும் படவில்லை. ஒரு சதுர மீட்டர் நீரில் பல குஞ்சுகளை நெருக்கி வளர்த்து, அவற்றை ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பும் வாணிகம் தோன்றிய பின்னரே சிறு நோய்கள் பெரும் கொள்ளைநோய்களாயின. 1990-இல் தாய்லாந்தில் மஞ்சள்தலை நோயும், 1992-இல் ஈக்வடார் நாட்டின் டௌரா ஆற்றங்கரையில் அவ்வாற்றின் பெயரையே பெற்ற நோயும் தலைகாட்டின.

இவை யாவற்றையும் விஞ்சியது வெள்ளைப்புள்ளி நோய். 1992-ஆம் ஆண்டளவில் சீனத்திலும் தைவானிலும் தோன்றி, அடுத்த ஆண்டே ஜப்பானை எட்டிய அந்நோய், 1994, 1995-ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் கிழக்குக் கரையில் ஆந்திரம் தொடங்கித் தமிழகம் வரை பரவி, வரி இறால் என்னும் வகையை நம்பிக் கடன் வாங்கிக் குளம் வெட்டிய எண்ணற்ற குடும்பங்களைக் கடனாளிகளாக்கியது. நோய்ப்பட்ட இறால் தீவனத் தட்டை அணுகாது. குளத்தின் ஓரத்துக்கு வந்து சோர்ந்து மிதக்கும். உடல் செம்மை படரும். தலையோட்டின் உட்புறத்தில் அரை மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை அகலமுள்ள வெண்புள்ளிகள் தோன்றும். மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குளம் முழுவதும் மடிந்துவிடக்கூடும். 1999-ஆம் ஆண்டில் இதே நோய் தென் அமெரிக்காவை அடைந்தது. அங்கும் ஈக்வடாரின் பண்ணைத் தொழிலை நிலைகுலையச் செய்தது.

அக்காலத்தில் நம் கரையில் வேறொரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. இறால் பண்ணைகளால் விளைநிலமும் குடிநீரும் உவர்ப்பாகின்றன என்று தஞ்சைத் தரணியின் காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துள் இப்பண்ணைகளைத் தடை செய்து தீர்ப்பளித்தது. பின்னர் 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு கடலோர நீர்வாழ் உயிர்வளர்ப்பு ஆணையம் அமைந்தது. நோயின் வரலாற்றில் இவ்வழக்கை ஏன் நினைக்கவேண்டும் என்றால், பண்ணைக் கழிவுநீர் அயலானின் வயலைக் கெடுக்கின்றது என்ற முறையீடும், பண்ணைக் கழிவுநீர் அயலானின் குளத்துக்கு வைரஸைக் கொண்டுசெல்கின்றது என்ற உண்மையும் ஒரே தவற்றின் இரு விளைவுகள் என்பதனால்தான்.

வைரஸின் இயல்பு

வெள்ளைப்புள்ளி வைரஸ் நுண்ணுயிர் உலகில் ஒரு விசித்திரம். உறை சூழ்ந்த கோல் வடிவும், ஒரு முனையில் வால் போன்ற நீட்சியும் உடையது. பெரும்பாலான வைரஸ்களோடு ஒப்பிடும்போது மிகப் பெரியது. 2001-ஆம் ஆண்டில் அதன் மரபுப் பொருள் முழுமையாகப் படிக்கப்பட்டபோது, ஏறத்தாழ மூன்று லட்சம் எழுத்துகள் கொண்ட வட்ட வடிவ டி.என்.ஏ. அதனுள் இருப்பதும், அதில் அடங்கிய சுமார் 180 மரபணுக்களில் மிகப் பெரும்பாலானவை அதுவரை அறியப்பட்ட எந்த உயிரின் மரபணுவையும் ஒத்திருக்கவில்லை என்பதும் தெரியவந்தன. ஆகவே அதற்கென்று நிமாவிரிடே என்ற தனிக் குடும்பத்தையே வகுக்கவேண்டியதாயிற்று.

இவ்வைரஸ் எந்த ஓர் இனத்தையும் தனக்கென்று தேர்ந்துகொள்வதில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் — 1987-இல் நிறுவப்பட்டுச் சிபா என்ற சுருக்கப் பெயரால் பண்ணையாளரிடையே வழங்கும் ஸ்தாபனத்தார் — 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நம் நாட்டு இறால், நண்டு, சிங்கி இறால் வகைகள் பலவற்றில் இந்நோயைப் பரிசோதனையாக ஏற்றிப் பார்த்து, எவ்வெவை மடிகின்றன, எவ்வெவை நோயைச் சுமந்தும் மடியாதிருக்கின்றன என்று வகைப்படுத்தினர். குளத்து வரப்பில் வளை தோண்டும் நண்டு, தான் நலமாக இருந்தபடியே பக்கத்துக் குளத்துக்கு நோயைக் கொண்டுபோகும் என்ற உண்மை இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. வரப்பைச் சுற்றி இன்று நாம் காணும் நண்டு வேலி அவ்வுண்மையின் பயன். அதே நிலையத்தார் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வெயிலில் காயவிட்ட குளத்துச் சேற்றிலும் இவ்வைரஸ் 19 நாள் வரையிலும், நீர் வடியாத சேற்றில் 35 நாள் வரையிலும் நோய் உண்டாக்கும் திறனுடன் இருந்ததைக் காட்டியது. ஒரு சாகுபடி முடிந்த இரண்டாம் வாரமே அடுத்த குஞ்சை விடுகின்ற அவசரக்காரருக்கு இதனினும் பயனுள்ள எச்சரிக்கை வேறில்லை.

கண்டறியும் கலை

மூலக்கூறு உயிரியல் இறால் விவசாயிக்குச் செய்த முதல் உதவி மருந்தன்று, கண். புள்ளி தெரிந்த பின் நோயை அறிவதால் ஒரு பயனும் இல்லை. தாய் இறாலிலும் குஞ்சிலும் மறைந்து கிடக்கும் மிகச் சிறிய அளவு வைரஸையும் காட்டவல்ல பி.சி.ஆர். முறையை, தைவான் நாட்டு அறிஞர்களான சூ-பாங் லோவும் அவர்தம் குழுவினரும் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரு படிகளில் நடைபெறும் அச்சோதனை உலக நாடுகளின் நியமமாகவே நிலைபெற்றது. மேற்குக் கரையில் மங்களூர் மீன்வளக் கல்லூரியில் இந்திராணி கருணாசாகர், இத்தியா கருணாசாகர் தம்பதியர் இந்நோயை ஆராய்ந்து 1997-இல் எழுதியதும், பின்னர் சிபா நிலையம் நம் நாட்டுக்கேற்ற சோதனைத் தொகுப்புகளைச் செய்து வழங்கியதும் இத்துறையில் நம்மவர் கைவைத்த தொடக்கங்கள். குஞ்சு வாங்கும் பண்ணையாளர் பொரிப்பகத்திடம் பி.சி.ஆர். சான்று கேட்பது இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது.

எனினும் சோதனையின் நம்பகம் அதன் மாதிரியைப் பொறுத்தது. லட்சக்கணக்கான குஞ்சுகள் உள்ள தொட்டியிலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதித்து நோயில்லை என்று சொல்லும்போது, நோய் இல்லவே இல்லை என்பது பொருளன்று. இருந்தாலும் இவ்வளவு விழுக்காட்டுக்குக் குறைவாகவே இருக்கும் என்பதே பொருள். இந்த நுட்பம் சான்றுத்தாளில் அச்சாவதில்லையாதலால், தாளைக் கையில் வைத்துக்கொண்டே நோயில் நஷ்டப்பட்டவர் சோதனையின்மேல் பழி போடுவதை நாம் கேட்கின்றோம்.

மேல்விஷாரத்து ஆராய்ச்சி

தமிழ்நாட்டில் இத்துறையின் கதையைச் சொல்பவர் எவரும் கடலிலிருந்து வெகு தொலைவில் பாலாற்றங்கரையில் உள்ள மேல்விஷாரத்தை விட்டுவிட இயலாது. அங்கே 1965-இல் தொடங்கப்பட்ட சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியின் விலங்கியல் துறையில், பேராசிரியர் அ. சா. சாகுல் ஹமீதும் அவர் மாணாக்கரும் செய்துவந்த ஆராய்ச்சி, ஒரு மாவட்டக் கல்லூரியின் பரிசோதனைச் சாலையை உலகக் கால்நடை நல அமைப்பின் மேற்கோள் ஆய்வுக்கூடமாக உயர்த்தியது.

அப்பெருமை கிடைத்தது நன்னீர் இறாலின் வெண்வால் நோயினால். ஆற்றிலும் ஏரியிலும் வளரும் பெரிய இறாலின் குஞ்சுகள், வால் தசை பால்போல் வெளுத்து ஓரிரு வாரங்களுக்குள் கூட்டம் கூட்டமாக மடிவதை முதலில் மேற்கிந்தியத் தீவுகளில் குவாதலூப்பில் கண்டனர்; பின்னர் அது சீனத்திலும், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆந்திர, தமிழகப் பொரிப்பகங்களிலும் தோன்றியது. பிரான்சு நாட்டு மோன்பெலியே நகரத்து பொனாமி என்பவரோடு சேர்ந்து மேல்விஷாரத்தார் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள், இந்நோயில் இரண்டு நுண்ணுயிர்கள் கூடி வருவதை நம் நாட்டு மாதிரிகளில் உறுதிசெய்தன. ஒன்று ஏறத்தாழ 27 நானோமீட்டர் அளவுள்ள ஆர்.என்.ஏ. வைரஸ், மற்றொன்று அதில் ஏறக்குறையப் பாதியளவே உள்ள, தனித்துப் பெருக இயலாது முன்னதைச் சார்ந்தே வாழும் துணை வைரஸ். வளர்ந்த இறால் இந்நோயால் மடிவதில்லை. நோயைத் தாங்கி, நோய்க்குறி ஏதும் காட்டாமல், முட்டைவழிக் குஞ்சுகளுக்கு அதைக் கொடுத்துவிடுகின்றது. தாயைச் சோதிக்காமல் குஞ்சைக் குறைகூறிப் பயனில்லை என்பது இதனால் விளங்கிற்று.

இவ்வாராய்ச்சியில் இறால் அறிஞர் அனைவரையும் துன்புறுத்தும் ஓர் இடையூறு உண்டு. வைரஸை ஆராய வேண்டுமானால் அது வளர உயிருள்ள செல்கள் வேண்டும். மனிதச் செல்லையும் மீன் செல்லையும் கண்ணாடிக் குப்பியில் ஆண்டுக்கணக்காகப் பெருக்கி வளர்க்கும் கலை கைவந்திருக்க, இறாலின் செல்லை அவ்வாறு நிரந்தரமாக வளர்க்கும் உபாயம் மட்டும் அறிஞர்களுக்கு நெடுங்காலமாகப் பிடிபடாமலே இருந்துவந்திருக்கின்றது. இக்குறையைச் சுற்றிச் செல்ல மேல்விஷாரத்தார் 2007-ஆம் ஆண்டில் கையாண்ட வழி வியப்புக்குரியது: கொசுவின் உடலிலிருந்து முன்பே உருவாக்கப்பட்டிருந்த செல் வரிசை ஒன்றில் வெண்வால் நோயின் இரு வைரஸ்களையும் ஏற்றி, அவை அங்கே பெருகுவதைக் காட்டினர். இறாலும் கொசுவும் கணுக்காலிகள் என்ற ஒரே பெருங்குலத்தின் கிளைகள் என்னும் பழைய விலங்கியல் பாடம் புதிய வைரஸியலுக்கு இங்ஙனம் கைகொடுத்தது. இதே குழுவினர் 2000-ஆம் ஆண்டிலேயே, வரி இறாலைச் சில நாளில் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸை நன்னீர் இறால் தாங்கி நிற்பதைக் கண்டு எழுதியிருந்தனர். ஒரே வைரஸ் ஓர் இறாலைக் கொல்லவும் மற்றோர் இறால் அதைப் பொறுக்கவும் காரணம் என்ன என்ற வினா நம்மை இறாலின் காப்பு முறைக்கு அழைத்துச் செல்கின்றது.

இறாலின் காப்பு முறை

உடலின் காப்பைப் பற்றிய சாஸ்திரம் பிறந்தபோதே ஓட்டுடலிகளின் குலம் அதற்குச் சாட்சியாக நின்றது. ருஷ்ய அறிஞர் மெச்னிக்கோவ், 1882-இல் நட்சத்திர மீனின் இளம்பருவத்தில் முள்ளைக் குத்தி, அதைச் செல்கள் சூழ்வதைக் கண்டபின், 1884-இல் தாப்னியா என்னும் நீர்த்தெள்ளின் உடலில் நுழைந்த பூஞ்சையின் வித்துகளை அதன் இரத்தச் செல்கள் விழுங்குவதை விவரித்தார். நீர்த்தெள்ளு இறாலின் தூரத்து உறவு. 1908-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் எதிர்ப்பொருளின் புகழே ஓங்கி, இயற்கைக் காப்பு என்னும் இந்த முதல் அரண் போதிய மதிப்பின்றிக் கிடந்தது.

இறாலின் இரத்தத்தில் மூவகைச் செல்கள் உள்ளன. அவற்றுள் சில அயற்பொருளை விழுங்கும். சில சூழ்ந்து மூடும். துகள்கள் நிறைந்த மற்றவை தம் துகள்களை வெளியிட்டு ஒரு சங்கிலித் தொடரான வேதிவினையைத் தூண்டும். ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் கென்னத் சாடர்ஹால் நன்னீர்ச் சிங்கி இறாலைக் கொண்டு பல்லாண்டு ஆராய்ந்து விளக்கிய இவ்வினையின் முடிவில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் உண்டாகி, புகுந்த கிருமியைச் சிறைப்படுத்துகின்றது. காயம்பட்ட இறாலின் ஓட்டில் நாம் காணும் கரும்புள்ளி அதன் அடையாளம். இவற்றோடு கிருமிகளைக் கொல்லும் சிறு புரதங்களும் உள்ளன. பெனயிடின் என்னும் அவ்வகைப் புரதத்தை 1997-இல் பிரெஞ்சு அறிஞர்கள் வெனாமி என்னும் இறால் வகையின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தனர். பழ ஈயில் டோல் என்ற மரபணு காப்புக்குக் கட்டளை இடுவதை 1996-இல் ஹோஃப்மான் குழுவினர் காட்டிய பின், அதே கட்டளை வழிகள் இறாலிலும் உள்ளன என்று தெளிந்தது. அக்கண்டுபிடிப்புக்கு 2011-இல் நோபல் பரிசின் பங்கு கிடைத்ததை வாசகர் நினைவுகூரலாம்.

இத்தனை அரண்கள் இருந்தும் வெள்ளைப்புள்ளி வைரஸ் எங்ஙனம் வெல்கின்றது என்பதற்கு மூலக்கூறு ஆராய்ச்சி சொல்லும் விடைகளுள் ஒன்று மிக நுட்பமானது. காப்புச் செல் ஆபத்தை உணர்ந்ததும் அதன் உட்கருவுக்குச் சில சமிக்ஞைப் புரதங்களை அனுப்பிக் காப்பு மரபணுக்களை இயக்குகின்றது. வைரஸோ தன் முதல் மரபணுவின் தலைவாயிலில் அதே புரதங்கள் வந்து அமரத்தக்க இடங்களை வைத்திருக்கின்றது. வீட்டுக்காரன் ஊரைக் கூட்ட அடித்த மணியோசையைக் கேட்டே கள்வர் தம் கூட்டத்தை எழுப்பிக்கொள்வது போல, இறால் தன்னைக் காக்க எழுப்பும் சமிக்ஞையால் வைரஸின் பெருக்கமே தொடங்குகின்றது. இதனோடு தைவான் அறிஞர்கள் காட்டியபடி, நோய்ப்பட்ட செல்லின் சர்க்கரைச் செரிமானத்தையும் வைரஸ் தன் தேவைக்குத் திருப்பிக்கொள்கின்றது. ஆகவே காப்பைத் தூண்டிவிட்டால் போதும், நோய் அடங்கும் என்ற எளிய கருத்து இங்கே செல்லுபடியாகாது. காப்பு ஊக்கி என்ற பெயரில் விற்கப்படும் ஒவ்வொரு பொடியையும் நீர்மத்தையும் இவ்வுண்மையின் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

தடுப்பூசி என்னும் ஆசை

எதிர்ப்பொருள் இல்லாத பிராணிக்குத் தடுப்பூசி பயனற்றது என்பதே பழைய அபிப்பிராயம். 2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் செய்த ஆய்வு அதை அசைத்தது: வெள்ளைப்புள்ளி நோயில் தப்பிப் பிழைத்த குருமா இறால்கள், சில வாரங்கள் கழித்து மீண்டும் அதே வைரஸை எதிர்கொண்டபோது முன்னிலும் நன்றாகத் தாங்கின. 2004-ஆம் ஆண்டில் நெதர்லாந்து அறிஞர்கள், வைரஸின் மேலுறைப் புரதமான வி.பி.28 என்பதைப் பாக்டீரியாவில் செய்து தீவனத்தோடு ஊட்டி, வரி இறாலுக்குப் பாதுகாப்பு கிடைப்பதைக் காட்டினர். ஆனால் அப்பாதுகாப்பு நீடிக்கவில்லை. வாரக்கணக்கில் தேய்ந்து மறைந்தது.

வேறொரு வழியும் திறந்தது. 1998-இல் ஃபயரும் மெல்லோவும் புழுவில் கண்டறிந்து 2006-இல் நோபல் பரிசு பெற்ற முறை அது: ஈரிழை ஆர்.என்.ஏ.வை உடலுள் செலுத்தினால், அதற்கு ஒப்பான மரபுச் செய்தி அழிக்கப்பட்டு, அம்மரபணு ஊமையாகிவிடுகின்றது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ரோபலினோ முதலியோர் 2004-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இம்முறையை வெனாமி இறாலில் சோதித்து, எந்த ஈரிழை ஆர்.என்.ஏ.வும் ஓரளவு காப்பைத் தருவதையும், வைரஸின் மரபணுவுக்கே ஒப்பாகச் செய்தது பெரிதும் காப்பதையும் கண்டனர். மேல்விஷாரத்தார் இக்கருத்தைத் தீவனத்துக்குக் கொண்டுவந்தனர். வி.பி.28 மரபணுவின் ஈரிழை ஆர்.என்.ஏ.வைப் பாக்டீரியாவிலேயே உற்பத்தி செய்து, அப்பாக்டீரியாவைச் செயலிழக்கச் செய்து, தீவனத்தில் பூசி வரி இறாலுக்கு ஊட்டியபோது நோயேற்றிய இறால்களில் பாதிக்கு மேற்பட்டவை பிழைத்தன. அதன் விவரம் 2008-இல் வெளியாயிற்று. இறாலின் ஓட்டிலிருந்தே எடுக்கப்படும் கைட்டோசானை நுண்துகள்களாக்கி, அவற்றில் டி.என்.ஏ.வைப் பொதிந்து ஊட்டியும் பார்த்தனர். நம் நாட்டு மூலிகைகளைச் சோதித்து, அருகம்புல்லின் சாறு கலந்த தீவனத்தை உண்ட வரி இறால் வைரஸைத் தாங்கியதாகவும் அதே ஆண்டுகளில் அறிவித்தனர்.

இவை யாவும் மெய்யான முயற்சிகள். ஆயினும் இவற்றுள் ஒன்றும் குளத்தில் பொதுவழக்காகவில்லை. காரணங்கள் வெளிப்படையானவை. ஒரு குளத்தில் உள்ள லட்சக்கணக்கான இறால்களுக்கு ஊசி போடுதல் நடவாத காரியம். தீவனத்தில் ஏற்றினால் நீரில் கரைந்துபோகும் பகுதியும் குடலில் சிதையும் பகுதியும் போக எஞ்சுவது சிறிது. நோய் தொடங்கிய இறால் தீவனத்தையே தொடுவதில்லை. பரிசோதனைத் தொட்டியில் குறித்த அளவு வைரஸை ஏற்றிப் பெற்ற வெற்றி, வெப்பமும் உப்பும் மழையும் மாறிக்கொண்டே இருக்கும் குளத்தில் அப்படியே கிடைப்பதுமில்லை. 32 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெதுவெதுப்பான நீரில் வெள்ளைப்புள்ளி நோய் அடங்கியிருக்கும் என்பது பரிசோதனையில் கண்ட உண்மை; ஐப்பசி கார்த்திகை மழையில் குளிர்ந்த குளத்தைக் கண்டு அஞ்சும் நம் கரையோரத்துப் பண்ணையாளர் அதை அனுபவத்தால் அறிந்திருக்கின்றனர்.

மரபில் எழுதிய நினைவு

இதனிடையே தாய்லாந்தில் வாழ்ந்த திமத்தி ஃப்ளெகல் என்ற அறிஞர் 1998-இல் வேறுபட்ட கொள்கை ஒன்றை முன்வைத்தார். பூச்சிகளும் ஓட்டுடலிகளும் வைரஸை முற்றிலும் அழிக்க முயல்வதில்லை, அதனோடு உடன்பட்டு வாழப் பழகுகின்றன என்பதே அக்கொள்கை. ஒரு புதிய வைரஸ் வந்து பெருநாசம் செய்த சில ஆண்டுகளுக்குள், எஞ்சிய இறால்களின் சந்ததி அதே வைரஸைச் சுமந்தும் நோயின்றி வாழ்வதைக் குளங்களில் கண்டதே அதற்கு அடிப்படை. வைரஸின் மரபுத் துண்டுகள் இறாலின் மரபுப் பொருளிலேயே பதிந்து, அதனின்று பிறக்கும் ஆர்.என்.ஏ. அவ்வைரஸை அடக்குகின்றது என்று பின்னர் அவர் அதை விரித்தார். ஆப்பிரிக்க, ஆஸ்திரேலியக் கடல்களின் வரி இறாலில் வைரஸின் துண்டுகள் இவ்வாறு பதிந்திருப்பதை அரிசோனாக் குழுவினர் 2006-இல் கண்டிருந்தனர். நினைவு இரத்தத்தில் எதிர்ப்பொருளாகத் தங்காமல் மரபில் எழுத்தாகத் தங்கிச் சந்ததிக்கும் செல்கின்றது என்னும் இக்கருத்து நிலைபெறுமாயின், இறாலுக்கான காப்பு என்பது ஊசியிலோ பொடியிலோ இல்லாமல், தேர்ந்தெடுத்து இனம் பெருக்கும் முறையில் கிடைக்கும். அதுவரை அது ஒரு நடைமுறைத் தொல்லையையும் தருகின்றது: மரபில் பதிந்த பழைய துண்டையும் உயிருள்ள வைரஸையும் வேறு பிரிக்காத பி.சி.ஆர். சோதனை, நோயற்ற இறாலையும் நோயுற்றது என்று காட்டிவிடலாம்.

வெனாமி தந்த பாடம்

நம் நாட்டுப் பண்ணைகள் மீண்டெழுந்தது மருந்தினாலோ தடுப்பூசியினாலோ அன்று. அமெரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில், குறித்த நோய்க்கிருமிகள் இல்லாத தாய் இறால்களைத் தலைமுறை தலைமுறையாகத் தனித்து வளர்க்கும் முறை வகுக்கப்பட்டது. அவ்வகை வெனாமித் தாய் இறால்களை இறக்குமதி செய்ய 2009-ஆம் ஆண்டில் இந்திய அரசு இசைந்தது. வந்திறங்கும் தாய் இறால்களைச் சென்னை நீலாங்கரையில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிர்வளர்ப்பு மையம் நடத்தும் தனிமைக்கூடத்தில் வைத்துச் சோதித்த பின்னரே பொரிப்பகங்களுக்கு அனுப்பினர். இதன் பயனாக வளர்ப்பு இறால் பெருகி, 2023-24-ஆம் ஆண்டில் இந்தியா 7,16,004 டன் உறைந்த இறாலை 40,013 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்தது.

ஆனால் நோய்க்கிருமி இல்லாத இறால் என்பது நோயை எதிர்க்கும் இறால் அன்று. தூய குஞ்சு தூய்மையற்ற குளத்தில் விழுந்தால் மற்றதைப் போலவே மடியும். 2016-இல் வங்காளத்தின் மேதினிபூர்ப் பகுதியில் தசை வெளுத்து மடிந்த வெனாமியில், பிரேசிலில் 2002-இல் தோன்றிய தசைநலிவு வைரஸை மேல்விஷாரத்தார் கண்டனர். அதே காலத்தில் ஈ.எச்.பி. என்னும் நுண்ணொட்டுண்ணி — இது வைரஸ் அன்று, பூஞ்சைக்கு உறவானது — குளங்களில் பரவி, இறாலைக் கொல்லாமல் வளர்ச்சியை நிறுத்திப் பண்ணையாளரின் ஆதாயத்தைத் தின்னத் தொடங்கியது. சிபா அறிஞர்கள் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டு இறால் பண்ணைகள் நோய்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ நூறு கோடி டாலர் இழக்கின்றன, ஈ.எச்.பி.யால் வரும் இழப்பு வெள்ளைப்புள்ளி நோயின் இழப்பினும் இருமடங்குக்கு மேல்.

இக்கதையில் அதிகம் பேசப்படாத வெற்றி ஒன்றும் உண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் கடல் உணவுப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் ஆசிய நாடுகளின் நீர்வாழ் உயிர்வளர்ப்பு மையங்களின் கூட்டமைப்பும் ஆந்திரக் கிராமங்களில் சிறு பண்ணையாளரைக் குழுக்களாகச் சேர்த்தன. ஒரே வாய்க்காலில் நீர் எடுப்போர் ஒரே காலத்தில் குளம் காயவைத்தல், ஒரே காலத்தில் சோதித்த குஞ்சு விடுதல், நோய் வந்தால் மறைக்காமல் அயலாருக்குச் சொல்லுதல், கிருமி நீக்காமல் நீரைத் திறந்துவிடாதிருத்தல் என்பனவே அக்குழுக்களின் விதிகள். அவ்வனுபவத்தின் மேல் 2007-இல் இதற்கென ஒரு தேசிய மையமும் எழுந்தது. இவ்விதிகளில் மூலக்கூறு உயிரியல் எங்கும் தெரிவதில்லை; ஆனால் ஒவ்வொரு விதியின் பின்னும் வைரஸ் சேற்றில் எத்தனை நாள் வாழும், நண்டு அதைச் சுமக்குமா, தாய் அதைக் குஞ்சுக்குக் கொடுக்குமா என்று பரிசோதனைச் சாலையில் கண்டறிந்த ஓர் உண்மை நிற்கின்றது.

முடிவுரை

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது தோன்றும் முடிவு இது. மூலக்கூறு ஆராய்ச்சி இறாலைக் குணப்படுத்தும் கலையை இன்னும் தரவில்லை. நோயை வருமுன் அறியும் கலையைத் தந்திருக்கின்றது. முன்னதற்கான முயற்சி தொடரவேண்டும், ஈரிழை ஆர்.என்.ஏ.வும் தேர்ந்த இனப்பெருக்கமும் நம்பிக்கைக்கு இடமான பாதைகள். எனினும் அவை கைகூடும்வரை, கையிலுள்ள அறிவைக் கையாளாமல் கடையில் விற்கும் பொடிகளை நம்பிப் பணத்தை நீரில் கொட்டுவது பேதைமை. வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் இடுவதோ அதனினும் பெரிய கேடு. அது நோயைத் தீர்க்காததோடு ஏற்றுமதிச் சரக்கையும் திருப்பி அனுப்பவைக்கும்.

கழிமுகத்து நீர் எவர் ஒருவருக்கும் சொந்தமன்று. ஆகவே இந்நோயிலிருந்து தனியொருவன் தன்னை மட்டும் காத்துக்கொள்ளவும் இயலாது. வெள்ளாற்றங்கரையில் பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் இருக்கின்றது. அத்தகைய நிலையங்களின் துணையோடு, சிறு பண்ணையாளன் தன் குஞ்சையும் நீரையும் குறைந்த கட்டணத்தில் அன்றே சோதித்து அறியத்தக்க பொதுச் சோதனைக்கூடம் ஒவ்வொரு கழிமுகத்துக்கும் ஒன்றாக அரசு அமைத்தல் வேண்டும். ஒரே நீரைப் பகிரும் பண்ணையாளர்கள் சங்கமாகக் கூடி, குஞ்சு விடும் நாளையும் நீர் திறக்கும் முறையையும் தமக்குள் வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். நோய் கண்டவன் அதை அன்றே அயலானுக்கு அறிவித்தல் வேண்டும். இம்மூன்றும் நடைபெறுமாயின், முப்பது ஆண்டு ஆராய்ச்சியின் பயனில் பெரும்பகுதி, புதிய மருந்து ஒன்றுக்காகக் காத்திராமலேயே, இந்த மாவட்டத்துக் குளங்களை வந்தடையும்.